பாலம் கட்டியோரும் பாலம் கடந்தோரும்

 

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வந்து நின்றுகொண்டு பழைய பாலங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் வியந்தார்கள். பாலம் கட்டும்படியாக இங்கே என்ன ஆறு இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். செண்பகத்தோப்பிலிருந்து இறங்கும் பேயனாறும் ராஜபாளையத்து முடங்கியாறும் மழைக்காலத்தில் சில நாள் ஓடிக் கண்மாய்களை நிரப்பிவிட்டு அடங்கிவிடும். ஆனால் நம் வைத்தியநாத சுவாமி கோயில் பக்கமாகப் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். திருமங்கலத்தில் பிரிந்து, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக மலை ஏறி இறங்கிக் கொல்லத்தில் முடிகிற சாலை அது. அந்தச் சாலையில் போய்வந்த நம் முன்னோருக்கு எந்தத் திசையில் போனாலும் ஒரு பெரிய ஆறு குறுக்கிட்டது. வடக்கே மதுரைக்குப் போனால் வைகை. தெற்கே திருநெல்வேலிக்குப் போனால் தாமிரபரணி. மேற்கே மலை தாண்டினால் புனலூரில் கல்லடையாறு. பாலம் இல்லாத காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும். அந்தத் தலைமுறையில் எவரும் இன்று இல்லை. அவர்கள் சொல்லிவிட்டுப் போனது மட்டும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

தாய்வீட்டுக்குப் போகிற வழியில் வலி கண்ட கர்ப்பிணிக்கு அம்மையும் அப்பனுமே வந்து பிரசவம் பார்த்தார்கள் என்பது நம் தலத்தின் கதை. வழிநடையில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன நேரலாம் என்று அறிந்த ஊரில்தான் இப்படி ஒரு கதை பிறக்கும். திருமலை நாயக்கர் நோய் தீர்ந்த நன்றிக்கு இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தார் என்றும், இங்கே பூசை முடிந்த செய்தி மதுரையில் அவருக்கு எட்டும்படி வழிநெடுக மண்டபங்கள் கட்டி முரசும் மணியும் ஒலிக்கச் செய்தார் என்றும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒலி ஆற்றைத் தாண்டிவிடும். மனிதர்களும் மாடுகளும்தான் கரையில் நின்றார்கள்.

முதலில் தெற்கே போவோம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை திருவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. நிலவரி, வழக்கு, முறையீடு எல்லாவற்றுக்கும் நம் ஊரார் சங்கரன்கோவில் வழியாக நெல்லைக்குத்தான் நடக்க வேண்டும். நெல்லையப்பர் கோயிலும் கடைத்தெருவும் ஆற்றின் மேற்குக் கரையில். கோட்டையும் வெள்ளைக்காரத் துரைமார்களின் குடியிருப்பும் கிழக்கே பாளையங்கோட்டையில். நடுவில் தாமிரபரணி. கோடையில் இறங்கி நடந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் படகுதான். படகுக்கு முண்டியடித்து ஆற்றில் விழுந்தவர்கள், இரவெல்லாம் கரையில் காத்துக் கிடந்தவர்கள், துறையில் மூண்ட அடிதடி என்று நெல்லைக்காரர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள்.

1840இல் கலெக்டர் தாம்சன் காலத்தில் பாலம் கட்டுவதென்று முடிவாயிற்று. வரைபடம் போட்டவர் கேப்டன் பேபர். பதினொரு கண் வைத்த வளைவுப் பாலம். செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஊராரிடம் வசூலிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் அந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டார். 1843இல் பாலம் திறக்கப்பட்டது. இன்றுவரை அதற்கு அவர் பெயர்தான்.

சிரஸ்தார் என்றால் கலெக்டருக்குக் கீழே உள்ளூர் ஊழியர்களில் தலைமையான பதவி. அதிகாரம் உண்டு, சம்பளமும் உண்டு. ஆனாலும் பதினொரு கண் பாலத்தை ஒரு குடும்பம் தாங்குவதென்பது சாதாரணம் இல்லை. அவருடைய மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாக நெல்லையில் சொல்வார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலத்தைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் இந்த நகைக் கதையைச் சொல்லாமல் முடிப்பதில்லை. கலெக்டர் பெயரை மறந்தவர்கள் உண்டு, பொறியாளர் பெயரை மறந்தவர்கள் உண்டு, அந்த அம்மாள் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. நகை மட்டும் மறக்கவில்லை. ஒரு வீட்டில் நகை கழன்றால் அது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அரசாங்கக் கணக்கில் ரூபாயாகப் பதிந்த ஒரு தொகையை ஊர் தன் கணக்கில் தாலிக்கொடிக்கு அடுத்த நகைகளாக எழுதி வைத்துக்கொண்டது. வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் வாங்க வேண்டும்.

பாலத்தின் அமைப்பையும் கொஞ்சம் பார்ப்போம். ஆற்றில் இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தால், ஒவ்வொரு தூணின் முகப்பிலும் இரட்டை உருளைத் தூண்கள் ஒட்டி நிற்பது தெரியும். பாரம் தாங்க அவை தேவையே இல்லை, அழகுக்கு வைத்தவை. லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் 1817இல் திறந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துச் செய்தது அந்த வடிவம். பாரம் தாங்குவது வளைவுதான். மரச்சாரம் கட்டி, அதன்மேல் இரு பக்கமும் வளைவாக அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் ஆப்பு போன்ற கல்லைச் செருகி, சுண்ணாம்புச் சாந்து இறுகிய பிறகு சாரத்தைக் கழற்றுவார்கள். அதன் பிறகு மேலே பாரம் ஏற ஏற அடுக்கு நெருங்கி இறுகும். பாரம் தூண் வழியாகப் படுகைக்கு இறங்கிவிடும். மாட்டுவண்டிக்கு என்று கட்டிய பாலம் பேருந்தையும் லாரியையும் தாங்கியது இப்படித்தான். வளைவுப் பாலத்துக்கு ஆபத்து மேலிருந்து வருவது அரிது. தூணின் அடியில் இருக்கும் மணலை வெள்ளம் அரிக்கும்போதுதான் வருகிறது. ஆகவே ஆற்று மணலை அள்ளுகிறவர்கள் பாலத்தின் காலடியையும் சேர்த்துத்தான் அள்ளுகிறார்கள்.

1869 வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. இரண்டு ஆண்டில் சீர் செய்தார்கள். பின்னாளில் போக்குவரத்து பெருகியபோது அகலப்படுத்தினார்கள். இப்போது பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. கீழே ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலை அறுந்து போக்குவரத்து நின்றது. சுலோசன முதலியார் பாலம் 180 ஆண்டு வயதில் அந்த வெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கிறது.

அந்தக் கரையைப் பற்றிப் பேசும்போது 1999 ஜூலை 23ஐச் சொல்லாமல் போக முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தப்புவதற்கு வேறு வழியின்றி மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டியதைப் பெருமையோடு சொல்கிற நாம், அதே இடத்தில் மனிதர்கள் ஆற்றுக்குள் விரட்டப்பட்டதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். நகைக் கதைக்கும் இதற்கும் இடையே 156 ஆண்டு இருக்கலாம். நெல்லையில் அந்த இடத்தைக் கடக்கிறவர்கள் மனத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இனி வாட்டர்லூ பாலத்தின் கதைக்கு வருகிறேன். இன்று நான் சொல்ல வந்ததற்கு அதுதான் சரியான சான்று.

நெல்லைப் பாலத்துக்கு முன்மாதிரியாக இருந்த லண்டன் பாலம் இன்று இல்லை. ஜான் ரென்னி கட்டிய ஒன்பது கண் பாலம் அது. தனியார் கம்பெனி கட்டியதால் நடந்து போகிறவனுக்கும் ஒரு பென்னி சுங்கம்; 1878இல்தான் அந்தச் சுங்கம் ஒழிந்தது. தூண் அடியில் அரிப்பு ஏற்பட்டு, பாலம் உட்கார ஆரம்பித்தது. 1924இல் மூடினார்கள். 1934இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் கற்கள் சில ஆஸ்திரேலியாவின் கான்பெரா வரை போயிருக்கின்றன. முன்மாதிரி போய்விட்டது, அதைப் பார்த்துச் செய்த நம் பாலத்தில் பேருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இடித்த இடத்தில் கட்டிய புதிய பாலம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். பாலத்தில் வேலை செய்தவர்களில் பெண்கள் ஏராளம். 1945 டிசம்பரில் திறப்பு விழா. அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் பேசும்போது, பாலத்தைக் கட்டிய ஆண்களைத்தான் பாராட்டினார். பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டிய கம்பெனியின் பதிவேடுகளும் பிறகு கிடைக்கவில்லை. ஆக, தாளில் அந்தப் பெண்கள் இல்லாமலே போனார்கள்.

ஆனால் தேம்ஸில் படகு ஓட்டுகிறவர்கள் விடவில்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தின் அடியில் போகும்போதெல்லாம், இது பெண்கள் கட்டிய பாலம், இதற்குப் பெண்கள் பாலம் என்றுதான் பெயர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். படகுக்காரர் கதை என்று படித்தவர்கள் ஒதுக்கினார்கள். எழுபது ஆண்டு கழித்து, 2015 வாக்கில், கிறிஸ்டின் வால் என்ற வரலாற்று ஆய்வாளர் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்தார். பெண்கள் வெல்டிங் செய்கிறார்கள், பழைய பாலத்தின் கற்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். படகுக்காரர்கள் சொன்னது முழு உண்மை. அதன் பிறகுதான் பிரிட்டனின் பாரம்பரியச் சின்னங்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் அந்தப் பெண்களின் உழைப்பு ஏறியது.

இதைக் கேட்கும்போது எனக்கு நம் ஊர்ச் சித்தாள்கள் நினைவுக்கு வருகிறார்கள். இந்த நாட்டில் கல்லும் சுண்ணாம்பும் மணலும் தலைச்சுமையாகப் பெண்கள் சுமக்காமல் எழுந்த பாலம் எது? எந்தக் கல்வெட்டில் அவர்களுக்கு ஒரு வரி இருக்கிறது? லண்டனில் பெண்கள் பாலம் கட்டியது போரினால் வந்த புதுமை. நமக்கு அது அன்றாடம். அன்றாடம் என்பதனாலேயே யாரும் எழுதவில்லை.

மேற்கே போவோம். இதே சாலையில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால், தென்மலைக்கு முன்னால் கழுதுருட்டி. சாலையை ஒட்டி, மலைச்சரிவில் பதிமூன்று கண் ரயில் பாலம் எழுந்து நிற்கும். சுமார் 100 மீட்டர் நீளம். கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியது. குற்றாலம் போனவர்களும் ஐயப்பமலைக்குப் போனவர்களும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்காமல் போக மாட்டார்கள். புனலூர் - செங்கோட்டை மலைப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1904 நவம்பரில். அப்போது அது நமக்கு அந்நியமான பாதை. ரயில் ஏற நம் ஊரார் வேறு ஊர் போக வேண்டியிருந்தது. 1927இல் விருதுநகர் - தென்காசிப் பாதை வந்ததும்தான் திருவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அதோடு சேர்ந்தன. சென்னையிலிருந்து கொல்லம் மெயில் நம் ஊர் ஸ்டேஷனில் நின்று, மலை ஏறி, அந்தப் பதிமூன்று கண்ணின் மேல் ஊர்ந்து போயிற்று.

2010இல் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதை வேலை முடிந்து 2018இல் மறுபடி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய பாலம் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டவர்கள் பலர். இடிக்கவில்லை. கண்களுக்கு உட்புறத்திலிருந்து கான்கிரீட் கொடுத்து வலுப்படுத்தி, அதே பாலத்தின் மேலேயே அகலப்பாதையைக் கொண்டு போனார்கள். அருகிலிருந்து பார்த்தால் கருங்கல் முகமும் உள்ளே கான்கிரீட்டும் தனித்தனியாகத் தெரியும். பார்ப்பதற்கு முன்னைப்போல் இல்லை என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. என் கருத்து வேறு. பயன்பாட்டில் இருக்கிற பாலம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். காட்சிப் பொருளாக வேலி போட்டு வைப்பதைவிட ரயில் ஓடுவது மேல்.

காட்சிப் பொருளாகவே நிற்கும் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. இன்னும் மேற்கே, புனலூரில் கல்லடையாற்றின் மேல் உள்ள தூக்குப் பாலம். திருவிதாங்கூர் அரசு ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளரைக் கொண்டு கட்டியது. 1877இல் வேலை முடிந்தது. இரு கரையிலும் கல் கோபுரங்கள், அவற்றிலிருந்து தொங்கும் இரும்புச் சங்கிலிகள், சங்கிலியில் மாட்டிய மரப்பலகைத் தளம். ஆற்றுக்குள் தூண் இல்லாத பாலத்தை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஏறப் பயந்தார்கள். பயத்தைப் போக்க ஹென்றி தம் குடும்பத்தோடு படகில் ஏறிப் பாலத்துக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டாராம். மேலே ஆறு யானைகளை நடத்திப் போகச் சொன்னாராம். புனலூரில் சின்னப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும்.

இது அப்படியே நடந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்கிறேன். இந்தக் கதை எதைக் காத்து வைத்திருக்கிறது? புதிய பாலத்தைக் கண்டு ஒரு ஊரே பயந்தது என்பதை. கட்டியவன் தன் குடும்பத்தையே பணயம் வைத்தால்தான் நம்புவோம் என்று சனங்கள் எதிர்பார்த்ததை. இதை எந்த மராமத்து இலாகாக் கோப்பும் எழுதாது. நீளம், அகலம், செலவு என்பவை கோப்பில் இருக்கும். பயம் சனங்கள் வாயில்தான் இருக்கும்.

வைகைக்கும் ஒரு வார்த்தை. மதுரையில் 1889இல் முடிந்த பாலத்துக்கு விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் பெயரை வைத்தார்கள். அவர் 1892லேயே இறந்துவிட்டார். மதுரைக்காரர்கள் ஏ.வி. பாலம் என்பார்கள்; அந்த இளவரசர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். நமக்கு அந்த ஆற்றோடு உள்ள உறவு வேறு. சித்திரைத் திருவிழாவுக்கு ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலை இங்கிருந்து தல்லாகுளத்துக்குப் போகிறது. அதைச் சூடிக்கொண்டுதான் அழகர் ஆற்றில் இறங்குகிறார். தல்லாகுளம் வடகரையில் இருப்பதால், நம் ஊர் மாலை வைகையைக் கடந்தே தீர வேண்டும். பாலம் வருவதற்கு முன் மாலைக் கூடையைச் சுமந்து போனவர்கள் ஆற்றை எப்படிக் கடந்தார்கள்? எங்கே இரவு தங்கினார்கள்? அந்தக் கைங்கரியம் செய்த குடும்பங்களின் வழித்தோன்றல்களைத் தேடிக் கேட்கலாமே.

பாம்பன் பாலத்தைப் பற்றி நான் பேசவில்லை. அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் வட்டாரத்துச் சின்னப் பாலங்களைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

திருமங்கலத்திலிருந்து செங்கோட்டைவரை சாலையிலும் ரயில் பாதையிலும் ஓடைகளுக்கு மேலே எத்தனையோ சிறு பாலங்கள். சில இடங்களில் சாலையை நேராக்கியபோது பழைய பாலம் ஓரத்தில் தனியாக நின்றுவிட்டது. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துதான் மாலையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நெடுஞ்சாலையை நான்குவழியாக்கும்போது இவை ஒவ்வொன்றாகப் போகின்றன. சாலை அகலம் வேண்டும், மறுப்பதற்கில்லை. போவதற்கு முன் ஒரு படமும் ஒரு பக்கக் குறிப்பும் எடுத்து வைக்கக்கூடவா நம்மால் ஆகாது?

ரயில்வேயிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு பாலத்துக்கும் எண் கொடுத்துச் சுவரில் எழுதியிருப்பார்கள். தூணில் வெள்ளம் தொட்ட உயரத்துக்குக் கோடு போட்டு, அது எந்த ஆண்டு என்றும் பெயிண்டில் எழுதுவார்கள். அடுத்து வருகிற ஊழியர் அந்தக் கோட்டைப் பார்த்தாலே ஓடையின் குணம் தெரிந்துகொள்வார். இந்த வழக்கத்தைச் சாலைப் பாலங்களுக்கும் கண்மாய் மடைகளுக்கும் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று ஊருக்குத் தெரிந்திருந்தால், ஓடையை மறித்து வீடு கட்ட ஒருவருக்கும் துணிச்சல் வராது.

நான் கேட்பது பெரிய ஆராய்ச்சி அல்ல. ஒரு பாலத்துக்கு ஒரு பக்கம். எந்த ஓடை, எத்தனை கண், கல்லா செங்கல்லா, சுவரில் ஏதாவது பொறித்திருக்கிறதா என்பது முதல் பாதி. இரண்டாம் பாதி வாய்மொழி. பாலம் வருவதற்கு முன் எப்படிக் கடந்தார்கள், கட்டும்போது யார் வேலைக்குப் போனார்கள், கூலி என்ன, எந்த வெள்ளத்தில் தண்ணீர் மேலே ஏறியது, அங்கே யார் செத்தார்கள், எந்தச் சாமிக்கு அங்கே தேங்காய் உடைக்கிறார்கள். சொன்னவர் வயதையும் ஊரையும் குறித்துக்கொள்ள வேண்டும். சொன்னதைத் திருத்தாமல் அவர் பேச்சிலேயே எழுத வேண்டும். சரியா தப்பா என்று அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். படகுக்காரர்கள் சொன்னது எழுபது ஆண்டு கழித்து மெய்யானதைப் பார்த்தோம்.

முதலில் கேட்க வேண்டியவர்கள், ரயில்வேயில் கேங்மேனாகவும் கீமேனாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மழை இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாலத்தையும் நடந்தே பார்த்தவர்கள் அவர்கள்தான். அடுத்து, ஓடைத் துறைகளில் துணி வெளுத்த குடும்பங்கள். பிறகு, ராஜபாளையத்துக்கும் மலையாளத்துக்கும் வண்டி கட்டிப் போனவர்களின் மக்கள். பழைய கொத்தனார்கள், சித்தாள்கள். இவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வரும் கோடை விடுமுறையைத் தவறவிடக் கூடாது. கல்லூரி மாணவர்கள் இருவர் இருவராகப் போனால் போதும். நோட்டும் பேனாவும், குரலைப் பதிய ஒரு கைபேசியும் இருந்தால் தொடங்கிவிடலாம். விருப்பமுள்ள பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வந்து பெயரைக் கொடுங்கள். யார் எந்த ஓடைக்குப் போவது என்று இங்கேயே பிரித்துக்கொள்வோம்.